டப்பாவில் அடைத்த காக்டெயிலும் சட்டத்தில் அடைபடாத ஓட்டையும்

காக்டெயில் அருந்த ஒரு காலத்தில் மதுக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். கைதேர்ந்த ஒருவர் அங்கே நின்று, ஜின்னையும் வெர்மூத்தையும் அளந்து ஊற்றி, ஐஸ் கட்டியிட்டுக் கலக்கி, கோப்பையிலே வடித்துக் கொடுப்பார். இன்று அமெரிக்காவிலும், பிரிட்டனிலும், ஆஸ்திரேலியாவிலும், ஜப்பானிலும் அதே காக்டெயில் டப்பாவில் அடைபட்டு வீட்டுக்கு வருகிறது. மூடியைத் திறந்தால் மார்கரிட்டா. இன்னொன்றைத் திறந்தால் நெக்ரோனி. வாங்கி ருசி பார்த்து, எது நன்று எது தீது என்று பட்டியல் போடுவது அந்நாட்டுப் பத்திரிகைகளுக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

ருசி பார்ப்பது அவர்கள் பாடு. டப்பாவுக்குள்ளே என்ன இருக்கிறது, அதை எந்தச் சட்டம் எப்படிப் பார்க்கிறது, அந்தப் பார்வையிலே யாருக்கு இலாபம் என்பதே நாம் பார்க்கவேண்டிய சங்கதி.

புதுமை என்று விளம்பரம் செய்கிறார்களே, அது புதுமையல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலே, ஹார்ட்ஃபர்ட் நகரத்து ஹியூப்ளைன் நிறுவனம் 1892-லேயே ‘கிளப் காக்டெயில்’ என்ற பெயரில் புட்டியில் அடைத்து விற்றது. உல்லாசப் பயணம் ஒன்றுக்காகப் பெருமளவில் காக்டெயில் கலந்து வைத்தார்களாம். மழை வந்து பயணம் தள்ளிப்போயிற்றாம். நாட்கள் கழித்துக் கொட்டப்போன ஆள் ஒரு வாய் குடித்துப் பார்த்தானாம், கெடவில்லையாம். கதை எவ்வளவு உண்மையோ, அதிலுள்ள இரசாயனம் உண்மைதான். மார்ட்டினி, மன்ஹாட்டன், நெக்ரோனி போன்றவை பெரும்பாலும் மதுவோடு மது சேர்ந்தவை. கலந்து மாதக்கணக்கில் வைத்தாலும் பெரிதாக மாறுவதில்லை. ஐஸ் கரைந்து சேரவேண்டிய நீரையும் ஆலையிலேயே அளந்து சேர்த்துவிடலாம். எலுமிச்சைச் சாறு சேர்ந்தவற்றின் கதை வேறு. பிழிந்த சாறு ஒரு நாளிலேயே மணம் மாறிப்போகும். ஆகவே டப்பாக்காரர்கள் சிட்ரிக் அமிலத்தையும் மாலிக் அமிலத்தையும் வாசனைச் சத்தையும் கொண்டு புளிப்பை ஒப்பேற்றுகிறார்கள். நெக்ரோனி டப்பாவைப் பாராட்டுகிறவர்கள் மார்கரிட்டா டப்பாவைக் கண்டு முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் உள்ள வித்தியாசம் பல சமயம் விலையிலே இல்லை, எலுமிச்சையிலே இருக்கிறது!

இந்த வியாபாரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய். மதுக்கூடங்கள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் வேலையிழந்தனர். பிழைப்புக்கு வழியாக, காக்டெயிலை மூடியிட்ட பாத்திரத்தில் ஊற்றி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அமெரிக்க மாநிலங்கள் பல அனுமதி கொடுத்தன. நியூயார்க் 2020 மார்ச்சில் கொடுத்தது, 2021 ஜூனில் பறித்தது, 2022-இல் சட்டமியற்றி மறுபடி கொடுத்தது. சிறிய கடைக்காரர் அந்தச் சலுகைக்காக மன்றாடிக்கொண்டிருந்த வேளையில் பெரிய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. குளிர்பானக் கம்பெனிகளே களத்தில் குதித்தன. கொக்கோ கோலா 2018-இல் ஜப்பானில் எலுமிச்சை மது ஒன்றை விற்கத் தொடங்கியிருந்தது. 2022-இல் ஜாக் டேனியல் விஸ்கியோடு தன் பானத்தைக் கலந்து ஒரே டப்பாவில் இரு பெயரையும் பொறித்து வெளியிட்டது. குழந்தையின் பிறந்தநாள் விருந்திலே வைக்கிற பெயர் எதுவோ, அதே பெயர் மது டப்பாவின் மேலும்! இதைக் கேட்டால், வயது வந்தவர்களுக்குத்தான் விற்கிறோம் என்பார்கள். எழுத்தின் வடிவமும் நிறமும் வயது பார்த்தா கண்ணில் படுகின்றன?

இனி வரிக்கு வருவோம். அமெரிக்க மத்திய சர்க்கார் பீருக்கு 31 காலன் கொண்ட பீப்பாய்க்கு 18 டாலர் என்பதைப் பொது விகிதமாக வைத்திருக்கிறது. காய்ச்சி வடித்த மதுவுக்கோ, பாதி ஆல்கஹால் பாதி நீர் என்ற கணக்கில் ஒரு காலனுக்கு 13.50 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 355 மில்லிலிட்டர் டப்பா, 5 சதவீத ஆல்கஹால். பீர் இனமென்றால் வரி ஏறத்தாழ 5 சென்ட். ஓட்கா கலந்ததென்றால் ஏறத்தாழ 13 சென்ட். குடிப்பவன் உடம்புக்குள் போகும் ஆல்கஹால் இரண்டிலும் ஒன்றே. கல்லீரல் இது மால்ட்டா ஓட்காவா என்று விசாரிப்பதில்லை. சட்டம் மட்டும் விசாரிக்கிறது! அதனாலே, மால்ட்டையும் சர்க்கரையையும் புளிக்கவைத்து எடுத்த மதுவுக்குக் காக்டெயில் பெயரும் வாசனையும் பூட்டி விற்கும் தந்திரம் பிறந்தது. பெயர் மார்கரிட்டா, உள்ளே டெக்கீலா ஒரு துளியும் இல்லை.

பீர் கம்பெனிகள் இந்த வேற்றுமை நீடிக்கவேண்டும் என்கின்றன. வடிசாலைக் கம்பெனிகள் நீக்கவேண்டும் என்கின்றன. பென்சில்வேனியாவில் 2024-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வடிமது கலந்த டப்பாக்களைச் சர்க்கார் கடைக்கு வெளியேயும் விற்க வழிவிட்டது. நீதி பேசுகிறவர்கள் போல இரு சாராரும் பேசுகிறார்கள். நுகர்வோனுடைய நலத்துக்காக நடக்கிற சண்டை இது என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் இன்னும் படிப்பினை மிகுந்தது. 2000-ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்திலே, கலந்து அடைத்த மதுவுக்குப் பீருக்குரிய குறைந்த வரியே கிடைத்தது. விற்பனை பெருகியது. கெவின் ரட் தலைமையிலான தொழிற்கட்சி சர்க்கார், 2008 ஏப்ரல் 27 முதல், ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 39.36 டாலராக இருந்ததை 66.67 டாலராக ஒரே இரவில் உயர்த்தியது. இளைஞர்கள், குறிப்பாக இளம் பெண்கள், அளவின்றிக் குடிக்கிறார்கள். தடுக்கவே இந்த வரி என்றார்கள். பணத்துக்காகப் பூசிய சுகாதாரச் சாயம் என்றது எதிர்க்கட்சி. 2009 மார்ச்சில் மேலவையில் 32-க்கு 32 என்று வாக்குகள் சமமாகி மசோதா விழுந்தது. வீழ்த்தியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஃபீல்டிங். அவர் கேட்டது வரிக் குறைப்பல்ல: விளையாட்டு ஒளிபரப்பின் நடுவே வருகிற மது விளம்பரத்தை நிறுத்துங்கள் என்பது. சர்க்கார் இணங்கவில்லை. ஆகஸ்டில் எதிர்க்கட்சியே இறங்கிவந்து மசோதா நிறைவேறியது.

நம் கருத்து இதுதான்: வரியை உயர்த்தியது சரி, ஃபீல்டிங் கேட்டதும் சரி. டப்பாவுக்கு வரி போட்டுவிட்டு விளம்பரத்துக்கு வாசலைத் திறந்துவைப்பது எந்த ஊர்ச் சுகாதாரம்? கம்பெனிகளோ பீர் என்ற இலக்கணத்துக்குள் அடங்குமாறு புதுக் கலவைகளைத் தயாரித்தன. அதைத் தடுக்க, பீர் என்றால் இவ்வளவு கசப்பு வேண்டும், சர்க்கரை இதற்கு மேல் கூடாது என்று சட்டத்திலேயே பீருக்கு விளக்கம் எழுத நேர்ந்தது! பிரிட்டன் 2023 ஆகஸ்டில் மதுவின் வீரியத்தைக் கொண்டே வரி என்று முறையை மாற்றியது. 8.5 முதல் 22 சதவீதம் வரை எல்லா மதுவுக்கும் ஒரே விகிதம். ஆனால் 8.5-க்குக் கீழே பீருக்குச் சலுகை நீடித்தது. டப்பாக்களில் பெரும்பாலானவை நிற்பதோ அந்தக் கீழ்த்தட்டிலேதான்.

டப்பாவுக்கு ஒரு நன்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. வீட்டிலே கையால் ஊற்றுகிறவனுக்கு இரண்டாவது கோப்பையில் கை தாராளமாகிவிடும். டப்பாவிலே அளவு தெரியும். ஆனால் அதே அலமாரியில், அதே பெயரோடு, 750 மில்லிலிட்டர் புட்டியும் நிற்கிறதே! டப்பா 5 சதவீதம் என்றால் புட்டி 25 சதவீதமாக இருக்கக்கூடும். 100 மில்லிலிட்டர் கோப்பையாக ஊற்றினால் ஏழு கோப்பைக்கு மேல் வரும். கோப்பைக்கு ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால். டப்பாவை நினைத்துக்கொண்டு புட்டியைக் குடிப்பவன் என்ன ஆவான்?

ஜப்பானில் இந்தக் கிராம் கணக்கு பேசப்படுகிறது. அங்கே மலிவாக விற்கும் 9 சதவீத எலுமிச்சை மது, 500 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் ஏறத்தாழ 36 கிராம் ஆல்கஹாலைச் சுமந்து வருகிறது. நாளொன்றுக்கு ஆண் 40 கிராம், பெண் 20 கிராம் அருந்தினாலே நோய்களின் அபாயம் கூடுகிறது என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. ஒரே டப்பாவில் பெண்ணின் எல்லை கடந்துவிடுகிறது. அஸாஹி நிறுவனம், 8 சதவீதமும் அதற்கு மேலுமான புதிய எலுமிச்சை மது வகைகளை இனி வெளியிடுவதில்லை என்று அதே ஆண்டில் அறிவித்தது. சில நிறுவனங்கள் கிராம் கணக்கை டப்பாவின் மேலேயே அச்சிடுகின்றன. அமெரிக்காவிலும் ஒரு முறைக்கு எவ்வளவு ஆல்கஹால் என்று ஒட்டுச்சீட்டில் காட்டவேண்டும் என மத்திய வரித்துறை 2025 ஜனவரியில் முன்மொழிந்தது. பீருக்கும், ஒயினுக்கும், வடிமதுவுக்கும் ஒரே அட்டவணை. வரியிலே காட்டாத சமத்துவத்தை, ஒட்டுச்சீட்டிலாவது காட்டலாம் என்று அந்தத் துறைக்கே தோன்றியிருக்கிறது.