மண்ணு பூந்துக்கினா?

மருத்துவ இன்ஜினீயரிங் படிக்கிற ஜெர்மன் பையன், சென்னை ஐ.ஐ.டி.யைப் பார்க்க வந்திருந்தான். மீன் வாங்கப் போனபோது ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு அவனையும் கூட்டிப் போனேன். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவருக்கு, தொடைக்குக் கீழே செயற்கைக் கால். பையன் உடனே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான். (மொழிபெயர்ப்பு: அடியேன், பி.காம்.!)

ஐ.ஐ.டி. 2022-ல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முழங்கால், கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்காதாம். பல அச்சில் மடங்குவதால், நடக்கும்போது கால் நுனி தரையில் இடறுவது குறையுமாம். 30 லட்சம் தடவை பாரம் ஏற்றிச் சோதித்ததாம்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். “அல்லாம் சர்தான் தம்பி. போட்டைத் தள்ளச்சொல்ல மண்ணு பூந்துக்குமே, உப்புத் தண்ணி வேற... அப்போ?”

நியாயமான கேள்வி சார்! எந்த லேப்பிலும் எலியட்ஸ் பீச் கிடையாதே.

பையன் நோட்டை எடுத்தான். பெரியவர் கைலியை விலக்கி, காலைக் கழற்றி அவன் மடியில் வைத்தார். மூட்டு இடுக்கெல்லாம் மணல்.

“நீயே பாரு.”