ஒளிவாளைக் கண்காட்சியிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள்



பாடசாலைக் கண்காட்சிக்காக நம் பிள்ளை ஒருவர் ஸ்டார் வோர்ஸ் படத்தில் வரும் ஒளிவாளைச் செய்துகொண்டிருக்கிறார். விஷயம் ஊரில் பரவிவிட்டது. "வாள் எல்லாம் வேணாம் சேர், வேற ஏதாவது செய்யச் சொல்லுங்க" என்று இந்தக் கிழமை மட்டும் நாலைந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். 2019 மே மாதம் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸில் ஒப்படைக்கச் சொன்ன நாட்களில் நம் வீடுகள் எப்படி இருந்தன என்பதை யாரும் மறக்கவில்லை. அப்படிச் சொன்ன பெரியவர்களை நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தை ஒரு பிளாஸ்டிக் குழாய் மீதும் ஏற்றினால், நம் பிள்ளைகள் எதைத்தான் கையில் எடுப்பது?

இது வெட்டாது. பொலிகாபனேட் குழாய், அதற்குள் 60 எல்.ஈ.டி. உள்ள ஒரு பட்டி, கைப்பிடிக்குள் ஒரு ஆர்டுயினோ, சின்ன ஸ்பீக்கர், மின்கலம். இவற்றோடு நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஓர் உணரி. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது அந்த உணரிதான். அது இரண்டு விஷயங்களை அளக்கிறது: எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும், ஆர்முடுகலையும். வாளை வீசும்போது சுழற்சி வேகம் கூடும், அதற்கேற்ப இரைச்சலும் கூட வேண்டும். எதிலாவது மோதினால் ஆர்முடுகல் கண நேரத்தில் குத்தென ஏறி இறங்கும், அப்போது மோதல் சத்தம் வர வேண்டும். எந்த எண்ணுக்கு மேல் போனால் மோதல் என்று எடுப்பது? குறைத்து வைத்தால் சும்மா வீசினாலே "டமார்" என்கிறது. கூட்டி வைத்தால் உண்மையில் அடித்தாலும் பேசாமல் இருக்கிறது. இதைச் சரிசெய்யப் பிள்ளை மூன்று பின்னேரம் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு நாள் வந்து கேட்டார்: "சேர், மேசையில சும்மா வச்சாலும் 9.8 காட்டுது. பழுதா?" பழுதில்லை. உணரி உணர்வது மேசை அதை மேல்நோக்கித் தள்ளுவதை. கையிலிருந்து விழவிட்டால், விழும் நேரத்தில் அதே எண் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். மெத்தை விரித்து விழவிட்டும் பார்த்தோம். புவியீர்ப்பைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தபோது இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

சத்தத்துக்கும் ஒரு கதை உண்டு. 1977இல் வந்த முதல் படத்துக்கு பென் பர்ட் என்பவர் பழைய புரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், டிவி படக்குழாய்க்குக் கிட்ட மைக்கைக் கொண்டுபோனபோது வந்த இரைச்சலையும் கலந்தார். பிறகு அதை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, முன்னால் மைக்கை வீசி வீசிப் பதிவு செய்தார். நாம் படிப்பிக்கும் டொப்ளர் விளைவுதான் அது.

இதை "விளையாட்டுச் சாமான்" என்பவர்களிடம் ஒரு கணக்கு. ஒரு எல்.ஈ.டி. முழு வெள்ளையில் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். 60 எல்.ஈ.டி.க்கு? 3.6 அம்பியர். நீலம் மட்டும் எரிந்தால் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒன்று. வாள் ஏன் நீல நிறம் என்று கேட்டால் பிள்ளை இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்!

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அதற்குப் போகிற பிள்ளையை "மற்றதுக்கு மார்க்ஸ் காணாது போல" என்று இன்னும் கதைக்கிறோம். பிறகு வீட்டு இன்வேர்ட்டர் பழுதானால் வெளியூரில் ஆள் தேடுகிறோம்.

கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது மின்கலம். பழைய லெப்டொப்பில் கழற்றிய லிதியம் மின்கலத்தை வீட்டில் தனியே சோல்டர் பண்ணவோ, பாதுகாப்புச் சுற்று இல்லாமல் சார்ஜ் போடவோ விடாதீர்கள். தீப்பிடிக்கும். அதனால்தான் இந்த வேலையை ஆய்வுகூடத்துக்கு எடுத்து வந்திருக்கிறேன்.

போன், டிவி திருத்தும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் யாராவது வியாழன் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வந்தால் பெரிய உதவி. நல்ல சோல்டரிங் அயர்ன் ஒன்று இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களிடம் உள்ளது சூடாகுவதே இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் வாருங்கள், வாளைக் கையில் தருகிறேன்.