இராக்கெட் போன பின்பு

நம் வள்ளூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. இராக்கெட் கிளம்பும் நாளில் மாடியில் நின்று கைதட்டுகிறோம். புகைக்கோடு கலைந்ததும் இறங்கிவிடுகிறோம். அது எதைச் சுமந்து சென்றது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம், தோழியரே? கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

2015 செப்டம்பர் 28 காலை சென்ற பி.எஸ்.எல்.வி. சி-30, 'அஸ்ட்ரோசாட்' என்னும் விண்ணாய்வுச் செயற்கைக்கோளைக் கொண்டு சென்றது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை நமது காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. (நல்ல காலம்! இல்லையேல் நம் கதி என்ன?) ஆகவேதான் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எக்ஸ் கதிர்க் கருவிகளை 650 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அவை நோக்கும் பொருள்களுள் மிக விந்தையானவை, நடுவில் மாபெரும் கருந்துளையைக் கொண்ட சில விண்மீன் மண்டலங்கள். அக்கருந்துளையின் நிறை நம் சூரியனைப் போல் பல இலட்சம் மடங்கு. சிலவற்றில் பல கோடி மடங்கு. கருந்துளைக்கு ஒளியில்லை. ஆனால் அதனுள் விழுமுன் சுழன்று கொதிக்கும் வாயுவின் அருகிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருகின்றன. அவற்றின் பிரகாசம் நிலையாக இராமல், சில மணி நேரத்திலேயே ஏறி இறங்குகிறது.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். ஒளி ஒரு மணி நேரத்தில் சுமார் 108 கோடி கிலோமீட்டர் செல்லும். பிரகாசம் ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பானால், அது பிறக்கும் இடம் அதைவிடப் பெரிதாக இருத்தல் அரிது. ஒரு மூலையில் நேர்ந்த மாற்றம் மறு மூலையை எட்டவே நேரம் போதாதே! சூரியனுக்கும் சனிக்கோளுக்கும் உள்ள தொலைவுகூட இல்லாத இடம்! கருந்துளை பெரிதாக ஆக, இந்த ஏற்ற இறக்கமும் பொதுவாக மெதுவாகிறது. ஆகவே அதைக் கொண்டு கருந்துளையின் நிறையையே மதிப்பிடுகிறார்கள். இதற்கு அடிப்படை, வேகத்தைக் காலத்தால் பெருக்கும், நாம் வகுப்பில் போட்ட கணக்குத்தான்.

"பெண் பிள்ளைக்கு இதெல்லாம் சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயரைத் தாங்கி, 'சந்திரா' என்னும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை 1999இல் அமெரிக்கா விண்ணில் ஏவியது. அஸ்ட்ரோசாட் திரட்டிய தகவல்களோ 2018 முதல் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றை எடுத்து ஆராய மின் நிலையச் சாம்பல் படியும் ஊரிலிருந்தும் முடியும்.

ஆண்டுதோறும் நம் பொருட்காட்சியில் அட்டை இராக்கெட் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில், ஒரு கருந்துளையின் எக்ஸ் கதிர் ஏற்ற இறக்கத்தை வரைபடத்தாளில் போட்டு இம்முறை வைப்போமே! கணக்கை விளக்க நான் நிற்கிறேன்.