ராசாவுக்கு எட்டாத சலுகை

வருமானவரிப் படிவம் நிரப்பும் காலம் வந்தால் போதும், மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கு அரசு அள்ளிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு கிளம்பிவிடுகிறது. மலேசியாவின் 2025 வரவு செலவுத் திட்டம் மாற்றுத்திறன் பிள்ளைக்கான வரிக்கழிவை 6,000 வெள்ளியிலிருந்து 8,000 ஆக உயர்த்தியது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றைக் கண்டறியவும், தொடக்கத்திலேயே பயிற்சி அளிக்கவும் ஆகும் செலவுக்கான கழிவு 4,000இலிருந்து 6,000 ஆனது. கருணையுள்ள பட்ஜெட் என்று பாராட்டுகிறார்கள். அந்தக் கருணை யார் வீட்டுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வரிக்குரிய வருமானம் ஒரு லட்சம் வெள்ளியை நன்றாகத் தாண்டிய ஒரு கோலாலம்பூர்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களது வரி விகிதம் 25 விழுக்காடு. இரண்டு கழிவுகளையும் முழுமையாகக் கோரினால் 14,000 வெள்ளிக்கு வரி கிடையாது. ஆண்டுக்கு 3,500 வெள்ளி மிச்சம். மாதத்துக்கு ஏறக்குறைய 290 வெள்ளி. சிலாங்கூரில் ராசா என்ற ஊரைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குலை அறுப்பவரின் கணக்கு வேறு. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிப் பிடித்தம், குறைந்த வருமானத்துக்கான 400 வெள்ளித் தள்ளுபடி எல்லாம் போக, அவர் கட்டவேண்டிய வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது? 8,000ஐ 80,000 ஆக்கினாலும் அவருடைய பிள்ளைக்கு ஒரு காசு கூடுதலாக வராது.

எந்த மேடை கிடைத்தாலும் இந்தக் கணக்கைச் சொல்லி வருகிறேன். இனியும் சொல்வேன். மாற்றுத்திறன் குழந்தை உள்ள குடும்பத்துக்கு, வறுமையை நிரூபிக்கச் சொல்லாமலே, வரிக்கழிவு என்ற பெயரில், அரசு ஏற்கெனவே மாதப்படி கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிறது.

ராசா பக்கம் ஒரு தாயின் கோப்பை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். பிறப்புப் பத்திரத்தின் நகல்கள், மருத்துவர் கையெழுத்திட்ட பதிவுப் பாரம், கணவரின் சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம், ஓரம் மடங்கிப்போன சிகிச்சை அட்டை. நான்கு வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. உதிரிப்பழம் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தவர், இவனைத் தனியே விட முடியாமல் வேலையை நிறுத்திவிட்டார். பயிற்சி நாளன்று கணவரின் மோட்டார் சைக்கிளில் ராசா நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கொமுட்டர் ரயில் ஏற வேண்டும். அன்று கணவர் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளமும் போச்சு. ரப்பர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது, மருந்து கொடுக்க டிரஸ்ஸர் இருந்தார். அவையெல்லாம் மூடப்பட்ட பிறகு முழுச் சுமையும் தாயின் இடுப்பில் ஏறிவிட்டது.

சமூகநல இலாகாவில்தான் உதவி இருக்கிறதே என்பார்கள். என்ன உதவி? ஏழைக் குடும்பங்களுக்கான குழந்தைகள் உதவித்தொகை வறுமையை அளக்கிறது. குறைபாட்டால் கூடும் செலவை அளக்கவில்லை. பராமரிப்பாளருக்கான உதவியை 2021 வரவு செலவுத் திட்டம் 350 வெள்ளியிலிருந்து 500 ஆக்கியது. ஆனால் அது படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கு மட்டும்தான். நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஆட்டிசப் பிள்ளையின் பின்னால் ஓடும் தாய் அந்தக் கணக்கில் வரமாட்டார். கல்வி அமைச்சின் மாதம் 150 வெள்ளி, சிறப்புக்கல்வி வகுப்பில் சேர்ந்த பிறகுதான். பயிற்சி அதிகப் பலன் தரும் முதல் ஆறு ஆண்டுகளில் குடும்பம் தனியாகத் தத்தளிக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிலாங்கூர் மாநில அரசின் அனிஸ் திட்டம் நல்லதுதான். ஆனாலும் விண்ணப்பித்துக் காத்திருந்து வாங்கும் உதவி, இழந்த மாதச் சம்பளத்துக்கு ஈடாகாது.

பிரிட்டனில் மூன்று மாதக் குழந்தைக்கும் பராமரிப்புப்படி கோரலாம். பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. அதே வயதுள்ள மற்றக் குழந்தையைவிட இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கூடுதல் கவனிப்பு தேவை என்பதைத்தான் பார்க்கிறார்கள். இங்கே தோட்டங்களைத் திறந்த நாடு தன் குழந்தைகளுக்குச் செய்வதை, அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் செய்ய நமக்கு என்ன தடை?

ரொக்கமாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்வதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். 8,000 வெள்ளிக் கழிவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் போதும், செலவு ரசீதை யாரும் கேட்பதில்லை. நகரத்துத் தகப்பனை நம்பும் அரசு, தோட்டத்துத் தாயை நம்ப மறுப்பதற்குப் பெயர் சிக்கனம் அல்ல, பாரபட்சம். நிதி இல்லை என்ற வாதமும் எடுபடாது. வசூலிக்காமல் விடும் வரியும் அரசின் செலவுதான்.

மாற்றுத்திறனாளியாகப் பதிவான ஒவ்வொரு குழந்தைக்கும் ஆறு வயது முடியும் வரை மாதம் 500 வெள்ளி கொடுங்கள். வருமானச் சோதனை வேண்டாம். மருத்துவர் பாரத்தில் கையெழுத்திட்ட மாதத்திலிருந்தே தொடங்குங்கள். வரிக்கழிவுகளை இந்தப் படியாக மாற்றிவிடுங்கள். இது ஒன்று நடந்தாலே ராசாவிலும் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊர்களிலும் ஒரு தலைமுறையின் தலையெழுத்து மாறும். அடுத்த வரவு செலவுத் திட்டத்திலும் கழிவின் உச்சவரம்பை மட்டும் கூட்டிவிட்டு வருவார்களானால், நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதற்குக் கைதட்டக் கூடாது. எழுந்து நின்று எதிர்க்க வேண்டும்.