ஏவலும் விடையும்

“நாட்டை ஐந்தாண்டு ஒரு ராணுவ அதிகாரியிடம் ஒப்படைத்தால் எல்லாம் சரியாகிவிடும்.” மட்டாஞ்சேரித் தேநீர்க் கடையில் இதைக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்திருப்பேன். சென்ற வாரம் சொன்னவரோ என்னைப் போன்றே ஓர் ஆய்வாளர். சான்றாக எகிப்தின் நாசரைக் காட்டினார். 1956இல் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய துணிவை நானும் மறுக்கவில்லை. ஆனால் எதிர்க்குரல்களைச் சிறையிலடைத்த அதே ஆட்சிதான் 1967இல் ஆறே நாளில் சினாயை இழந்தது.

கெய்ரோ வரை போவானேன்? கொச்சிக்குக் கொழும்பு பக்கம்.

கோட்டாபய ராஜபக்ச 1971இல் படையில் சேர்ந்து, 1991இல் லெப்டினன்ட் கேணலாக விலகியவர். 2009 இறுதிப் போரின்போது பாதுகாப்புச் செயலாளர். 2019 நவம்பரில் 52.25 விழுக்காடு வாக்குகளுடன் ஜனாதிபதியானார். அடுத்த ஜூனில், ஒழுக்கமும் சட்டத்தை மதிக்கும் பண்பும் உள்ள சமூகத்தை உருவாக்கவென்றே ஒரு செயலணி அமைத்தார்.

விடைகளை எட்டாக வகுக்கும் நன்னூல், அவற்றுள் ஒன்றை ‘மறை’ என்கிறது. ‘இது செய்வாயா?’ என்றால் ‘செய்யேன்’ என்பது. படைமுகாமில் அதற்கு இடமில்லை. ஆட்சிக்கோ அதுவே உயிர்நாடி. 2021இல் ரசாயன உரத்திற்கு ஒரே ஆணையில் தடை வந்தது. உழவரும் வேளாண் அறிஞரும் ‘ஆகாது’ என்றனர், ஆணை அசையவில்லை. நவம்பரில் தடை விலகியபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது.

தமிழ்த் தாய்மார் அதற்கும் முன்பே விடை கேட்டுத் தெருவில் அமர்ந்திருந்தனர். ‘எம் பிள்ளைகள் எங்கே?’ என்பதே அவர்களது வினா. காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் அவர் கூறினார். எப்போது, எங்கே, எவரால் என்பதற்கு விடை இல்லை. வினாவை முடித்துவைக்கும் கூற்று விடையன்று, ஏவலே.

தெற்கு அன்று அந்த வினாவுக்குப் பெரும்பாலும் செவிசாய்க்கவில்லை. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்றபின் அதுவும் வினவக் கற்றது. 2022 ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து மறைவிடை சொன்னார்கள். நான்கு நாளில் அவர் விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குத் தப்பினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி துறந்தார்.

படைவீரரை நான் இகழவில்லை. கீழ்ப்படிதல் அவர் தொழிலின் அறம். வினவுதல் நம் தொழிலின் அறம். கருத்தரங்கில் நெறியாளரையே மறுத்துப் பேசும் உரிமையைக் கோரும் நாம், நாட்டுக்கு மட்டும் ஏவலை வேண்டுவது எந்த நேர்மை?