உண்ணிக் காய்ச்சலும் நமது ஜில்லாவும்

வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் முதலானோர், உண்ணிக் காய்ச்சல் முற்றிய 794 பேரிடம் நடத்திய பரீட்சையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைஸின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, ஒன்றை மட்டும் ஏற்றியதைவிட உபத்திரவங்கள் குறைந்தன, மரணமோ குறையவில்லை. காலந்தாழ்ந்த சிகிச்சையின் எல்லைக்கு வேறு சாட்சியம் வேண்டுமா? ஆரம்பத்திலாயின் மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும். கடிப்பது மாட்டுண்ணியன்று; புதரில் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம் பருவம். கடித்த இடத்தில் பலருக்குக் கருகிய புண் தோன்றும். அக்குளிலும் அரையிலும் ஒளிந்திருக்கும் அதனைக் காண யந்திரம் எதற்கு? கடலூர், சிதம்பரம் தாலூகாக்களில் வயலோரத்தில் உழைத்து ஜுரத்துடன் வரும் குடியானவனின் சட்டையைக் கழற்றிப் பாராமல் அனுப்புதல் தகாது. சிதம்பரத்தில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது; கிராம சுகாதார நிலையங்களின் ரத்தப் பரீட்சைப் பொறுப்பை அதனிடம் சர்க்கார் உடனே ஒப்புவிக்க வேண்டும்.