இது யார் ரோடு?

தோட்டத்தில் ஒரு ரோடு நன்றாக இருக்குமா இல்லையா என்று தெரிந்துகொள்ள நடந்து பார்க்கத் தேவையில்லை. அந்த வழியாகக் கொழுந்து லொறி போகிறதா என்று கேட்டால் போதும். நமுனுகுல மலையடியில் எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கொழுந்து மடுவத்திலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகிற பாதையில் கல் பதித்திருக்கும், ஓரத்தில் கான் வெட்டியிருக்கும். மழைக்கு மண் சரிந்தால் மறுநாளே ஆள் விட்டு அள்ளியிருப்பார்கள். அதே மடுவத்திலிருந்து தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு ஏறுகிற பாதையில் ஓட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல வண்டி ஏறாது, இறங்கிக்கிங்க" என்பார். பச்சைப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கும் அதே பதில்தான்.

இதில் கம்பனியை மட்டும் திட்டி என்ன பயன்? தேயிலை அவர்கள் வியாபாரம். கொழுந்து சூடேறிக் கெடுவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்காக ரோட்டைப் பார்க்கிறார்கள். ஆட்கள் போய் வருகிற ரோட்டை யார் பார்ப்பது என்பதற்குத்தான் இன்னும் பதில் கிடைத்தபாடில்லை.

இலங்கையில் ரோடுகளுக்கும் சாதி உண்டு. ஏ, பி வகுப்பு என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாணம். அதற்குக் கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ரோடுகள். இந்த வரிசைக்கு வெளியே ஒதுங்கி நிற்பது 'எஸ்டேட் ரோடு'. நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள்; அந்த வருஷத்திலிருந்து கணக்கிடுகிற குத்தகை 53 வருஷம், அதாவது 2045 வரை. ஆகவே அரசாங்கத்து நிலத்தில், கம்பனியின் கையில், வாக்காளர் நடக்கிற பாதை அது. மூன்று பேருக்கும் பங்கிருப்பதால் மூன்று பேரும் மற்றவரைக் கைகாட்டலாம்.

சிங்களமும் தமிழும் எழுதக் கை வரும் என்பதால் எங்கள் பக்கத்தில் மகஜர் எழுதுகிற வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு டிவிஷன் ஆட்கள் வந்தார்கள். லயத்துக்கும் பஸ் போகிற ரோட்டுக்கும் நடுவில் ஒரு மதகு. ஒரு பக்கக் கட்டு இடிந்து, இரண்டு பலகை போட்டு நடக்கிறார்கள். மழை நாளில் பலகை வழுக்கும் என்று அதன்மேல் பழைய உரச்சாக்கைச் சுற்றி ஆணி அடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்கள்.

"சேர், இதுக்கு ஒரு மகஜர் எழுதணும்."

"யாருக்கு எழுதுறது?"

"எல்லாருக்குந்தான் போடுங்க. யார் செஞ்சு குடுத்தா என்ன?"

அந்தப் பதிலில் ஒரு ஆயுள்கால அனுபவம் இருந்தது. நான் எழுதினேன். அவர்கள் கொண்டு போனார்கள். சபைக் காரியாலயத்தில் இருந்தவர் வாசித்துப் பார்த்து, "ஏக்க வத்தே பார" என்றார். அது தோட்டத்து ரோடாம். தோட்ட ஆப்பீஸில், "சபைக்குத்தானே குடுத்திருக்கீங்க, அவங்க செய்யட்டும்" என்றார்கள். வீடு, மலசலகூடம் என்றால் பார்க்கலாம், மதகு எங்கள் வேலைக்குள் வராது என்றது தோட்டத்து வீட்டு வேலைகளைப் பார்க்கிற ட்ரஸ்ட். அரசியல்வாதி ஒருவர், அடுத்த ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். நாலு இடத்தில் அவர் ஒருவர்தான் உட்காரச் சொன்னவர் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் போனவர்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனது. மகஜருக்குத் தாள் செலவு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'தோட்டத்து ரோடு' என்று சபைக் காரியாலயத்து எழுத்தர் சொன்னது அவராகக் கண்டுபிடித்த பதில் இல்லை. அதற்கு வயது அதிகம். கிராமச் சபைகளுக்கான 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு இல்லாமல் செய்தார்கள். பிறகு 1948இல் குடியுரிமை போனது. அதைத் தொடர்ந்து பாராளுமன்ற வாக்கும் போனது. உள்ளூரில் ஒரு கானை வெட்டச் சொல்லிக் கேட்க நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும், எங்கள் தாத்தாமார் அதுவாகக்கூட இல்லை. அவர்களுக்குத் தோட்ட நிர்வாகியான தொரைதான் சபை, பெரிய கங்காணிதான் உறுப்பினர்.

பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. 1988இல் பிரஜாவுரிமைச் சிக்கலும் பெருமளவு தீர, 1991இல் நடந்த முதல் பிரதேச சபைத் தேர்தலில் தோட்டத்து ஆட்களும் வரிசையில் நின்றார்கள். தமிழ் உறுப்பினர்கள் வந்தார்கள், மாலை விழுந்தது, பட்டாசு வெடித்தது. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் காசைத் தோட்டக் குடியிருப்புக்குள் செலவழிக்க முடியாதபடி கையைக் கட்டியிருந்தது. தோட்டத்து வாக்கில் சபைக்கு வந்தவர், அதே தோட்டத்துக்கு ஒரு டிரக்டர் கிரவல் போட்டால் கணக்காய்வில் மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை. வாக்கு உள்ளே, காசு வெளியே. இத்தனைக்கும் தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி வாங்க அதே சட்டத்தில் இடம் இருந்தது. எங்கள் ஆட்கள் டவுன் சந்தையில் செலவழித்த காசும் சுற்றி வளைத்துச் சபைக்குத்தான் போனது.

அந்தக் கட்டு அவிழ 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனோ கணேசன், திகாம்பரம் போன்ற தமிழ் முற்போக்குக் கூட்டணியினர் அப்போது அமைச்சரவையில் இருந்தார்கள். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம் என்றானது. அதற்குச் சற்று முன்னால்தான் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரிந்தன. பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டு லட்சம் சனம். எங்கள் ஊவா தோட்டங்களுக்கு அந்தப் பிரிப்பு இல்லை, திருத்தம் மட்டும் கிடைத்தது. அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. மலையகத்துக்குப் பாராளுமன்றம் செய்த நல்ல காரியங்களை விரல் விட்டு எண்ணினால் இதற்கு ஒரு விரல் கட்டாயம் உண்டு.

சட்டம் மாறியது, பதில் மாறவில்லை. திருத்தத்துக்குப் பிறகும் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டி.ஓ.) அளக்கிற டேப்பை வெளியே எடுக்கமாட்டார். தொரை கடிதம் கொடுப்பதும் மறுப்பதும் அன்றைய நிலைமையைப் பொறுத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்தது. தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே 6இல்தான் வைத்தார்கள். இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளர்கள் நடத்தினார்கள். சட்டத் திருத்தம் நடக்கப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் கொவிட் ஒரு பக்கம், பொருளாதார நெருக்கடி ஒரு பக்கம், ஆளில்லாத சபை ஒரு பக்கம்.

ஆனாலும் எல்லாப் பழியையும் அங்கே போட எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கேட்கிற விதத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் எங்காவது ஒரு ஐம்பது மீட்டருக்குக் கொங்கிரீட் விழும். அந்த ஐம்பது மீட்டரின் தலைமாட்டில் ஒரு நினைவுக்கல் நிற்கும். யாருடைய எண்ணக்கருவில், யாருடைய வேண்டுகோளில், யாருடைய திருக்கரத்தால் என்று மூன்று பெயர் இருக்கும். செலவான காசு யாருடையது என்று இருக்காது. "இன்னார் செஞ்சு குடுத்தாரு" என்று நாங்களும் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருப்போம். மறு மழைக்கு ஓரம் அரித்துப்போனால் திரும்ப அவரைத் தேடிப் போவோம். அவர் தோற்றிருந்தால், ரோடும் அவரோடு சேர்ந்து தோற்றுவிடும்.

கிரவல் கேட்பதை நிறுத்திவிட்டு முதலில் பதிவைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பிரதேச சபையிடம் ரோடுகளின் பதிவேடு உண்டு. அதில் ஏறின ரோட்டுக்குப் பெயர், நீளம், அகலம் இருக்கும். வருஷா வருஷம் பராமரிப்புப் பட்டியலில் வர அதற்கு வழி இருக்கும். பழுதானால் யாரும் கைகாட்ட முடியாது. லயத்துக்குப் போகிற பாதையைக் கம்பனி சபைக்கு விட்டுக்கொடுத்து, அளந்து, வர்த்தமானியில் போட்டு அந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு தடவை தொரையின் கடிதம் வாங்கினால் போதும், ஒவ்வொரு லோட் கிரவலுக்கும் வாங்க வேண்டியதில்லை. நேரம் எடுக்கும், உண்மைதான். கல் நாட்டிப் படம் பிடிக்கிற வேலை இல்லை என்பதால் அரசியல்வாதிக்கும் ஆர்வம் குறையும். அதனால்தான் கேட்பது எங்கள் வேலையாகிறது.

யாருடைய பொறுப்பு என்று தெரியாமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற சமயத்தில் லயத்தின் மேல் மலை இறங்கியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. எழும்பிப் போங்கள் என்று சொல்லலாம், எங்கே போவது? சொந்தக் காணி கிடையாது, மாற்றுக் காணியை யார் கொடுப்பது என்றும் முடிவாகவில்லை. பலர் மண்ணுக்குள் போனபிறகுதான், மிஞ்சியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் காணி கிடைத்தது, வீடும் எழும்பியது. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில் கபரகலவில் இன்னொரு சரிவு லயங்களை உடைத்தது. இடிந்த மதகையும் இடிந்த மலையையும் ஒன்றாகப் பேசுகிறேனே என்று கோபிக்காதீர்கள். இரண்டுக்கும் எழுதிய கடிதங்கள் ஒரே மேசைகளுக்கு நடுவில்தான் அலைந்தன.

கேட்பதற்கு மற்ற இடங்களில் வழி எப்படி? 1964 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன எங்கள் உறவுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். அங்கே குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்தில் சில நாட்கள் கிராம சபை கூட வேண்டும் என்று விதி. ஊர் ஆட்களே உட்கார்ந்து தீர்மானம் போடலாம். "தீர்மானம் போட்டுட்டா ரோடு வந்துருமா மாமா?" என்று அவரே சிரித்தார். வராதுதான். ஆனாலும் கேட்டது ஒரு புத்தகத்தில் ஏறுகிறது, அடுத்த கூட்டத்தில் அதைத் திருப்பிக் காட்டலாம். எங்களுக்கு அப்படி ஊர் கூடுகிற நாள் சட்டத்தில் இல்லை. மாதாந்தக் கூட்டத்துக்குச் சபைக்குப் போய் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். உட்கார்ந்த தோட்டத்து ஆள் ஒருவரையாவது நான் இதுவரை கண்டதில்லை.

எங்களிடம் இருக்கிற வேறொரு கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்த மதகு ஆட்களுக்கு இந்தத் தடவை மகஜர் வேண்டாம், இதை எழுதுவோம் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. தமிழிலேயே எழுதலாம். கொடுத்ததற்குத் துண்டு தர வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு.

கேள்விகளை எழுதி வைத்துவிட்டேன். இந்தப் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனை தோட்டப் பாதைகள் அதில் ஏறின? இதைச் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்குச் சபை எழுதிய கடிதம் ஏதாவது உண்டா, அதற்கு வந்த பதில் என்ன? கடந்த மூன்று வருஷத்தில் தோட்டப் பகுதிகளுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? மதகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று வந்தவர்களின் தலைவர் குறைப்பட்டார். பதில் வரட்டும் அண்ணே, மதகு தானாக அதில் இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமும் உண்டு.

படிவத்தில் ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் யோசித்தோம். விலாசம். லயத்துக்குத் தோட்டத்துப் பெயரும் டிவிஷனும்தான் விலாசம். கடிதம் தோட்ட ஆப்பீஸுக்கு வந்து, அங்கேயிருந்து யாராவது மடுவத்துக்குக் கொண்டு வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். நிர்வாகத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கான பதில் நிர்வாகத்தின் மேசையில் வந்து விழுவது அவ்வளவு உசிதமில்லை. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர் தன் கடை விலாசத்தைப் போடச் சொன்னார். அதைத்தான் போட்டிருக்கிறோம். புதன்கிழமை கொண்டு போகிறார்கள்.